ஒன்பது வரி குறைந்த ஆட்டம்

கல்லூரி மைதானத்தின் வடக்குக் கோலுக்குப் பன்னிரண்டு அடி முன்னால், தரையிலிருந்து ஏழடி ஓர் அங்குல உயரத்தில், ஒரு கால்பந்து பதினோரு வருடம் அந்தரத்தில் நின்றது. அதற்குக் காற்றும் காரணமில்லை, உதைத்தவனும் காரணமில்லை. கல்லூரிப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் ஒன்பது வரிக்கு இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பத்திரிகை புதன்கிழமைதோறும் வந்தது. மொத்தம் நான்கு பக்கம். முதல் பக்கத்தில் நாட்டு நடப்பு, இரண்டாவதில் நாடகம், மூன்றாவதில் விளையாட்டு, நான்காவதில் தேர்வுத் தேதிகளும் தொலைந்துபோன குடைகளின் பட்டியலும். எழுதிய மாணவர்களைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பக்க எண்ணே பெயராகிவிட்டது. நாட்டு நடப்பு எழுதியவன் ஒண்ணு, நாடகத்துக்குப் போனவன் ரெண்டு, விளையாட்டு எழுதிய பெண் மூணு. மூணு அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கியவள் அல்ல. அவள் தம்பி கல்லூரி அணியின் கோல்கீப்பர். எப்படியும் மைதானத்துக்குப் போகிறவள்தானே, எழுதியும் கொடுத்துவிடட்டும் என்று அவள் தலையில் கட்டினார்கள். அவளோ எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். எந்த நிமிடத்தில் எது நடந்தது என்று குறிக்காமல் ஒரு வரி எழுதமாட்டாள். ஆனால் அவளிடம் கடிகாரம் இல்லை, தம்பியிடம் இருந்தது. அதனால் கோல் வலைக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டு, "மணி என்னடா?" என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொள்வாள். அவனும் சளைக்காமல் கையுறையை ஒதுக்கிப் பார்த்துச் சொல்வான்.

பத்திரிகையின் பொறுப்பாசிரியர் லாஜிக் பாடம் எடுப்பவர். எல்லோருக்கும் அவர் லாஜிக் சார். அச்சகத்துக்குப் பக்கத்து அறையில் அவர் கைப்பட எழுதிய இரண்டு விதிகள் சுவரில் ஒட்டியிருந்தன. பக்கம் நிரம்பிவிட்டால் கடைசியிலிருந்து வெட்ட வேண்டும் என்பது முதல் விதி. ஒருமுறை வந்த செய்தி மறுமுறை வராது, திருத்தமும் கிடையாது என்பது இரண்டாவது. ஒரு திருத்தம் போட்டால் அடுத்த வாரம் அதற்கும் ஒரு திருத்தம் கேட்பார்கள், பிறகு செய்திக்கே இடமிருக்காது என்று அவர் விளக்கம் சொன்னார். அதில் யாராலும் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த வாரம் கல்லூரி அரங்கில், ஒரு நீதிபதி தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்ளும் மூன்று மணி நேர நாடகம் நடந்தது. ரெண்டு அதைப் பற்றி எழுத உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. அவனுடைய விமரிசனம் இரண்டாம் பக்கத்தை நிரப்பி மூன்றாம் பக்கத்தின் தலையில் ஒன்பது வரி வழிந்தது. 'கைத்தட்டல் ஓயவே இல்லை' என்பது அதன் கடைசி வரி. தலையில் ஒன்பது வரி ஏறியதால் காலில் ஒன்பது வரி இறங்க வேண்டியதாயிற்று. அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர், விதிப்படி மூணுவின் கட்டுரையில் கடைசி ஒன்பது வரியைப் பிரித்தெடுத்து, அந்த ஈய எழுத்துகளை நூலால் சுற்றிக் கட்டி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். 'எண்பத்தெட்டாம் நிமிடத்தில் எதிரணி முன்கள ஆட்டக்காரர் ஓங்கி உதைத்த பந்து வலது மூலையை நோக்கிப் பறந்து' என்பதோடு ஆட்டம் நின்றது.

ஆட்டம் நடந்தது சனிக்கிழமை. பத்திரிகை வந்தது புதன்கிழமை. அன்று காலை எட்டு மணிக்கு மைதானக் காவலர் சுண்ணாம்புக் கோடு போடப் போனபோது பந்து அங்கே நின்றுகொண்டிருந்தது. சனிக்கிழமைத் தூறலில் நனைந்த ஈரம் அதில் அப்படியே இருந்தது. அடியில் ஒட்டியிருந்த சேறு சொட்டுவதற்குத் தயாராக இருந்தது, சொட்டவில்லை. விளையாடியவர்கள், பார்த்தவர்கள், நடுவர் எல்லோருக்கும் ஆட்டம் எண்பத்தெட்டாம் நிமிடம்வரை நன்றாக ஞாபகமிருந்தது. அதன்பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டால், வைத்த இடம் மறந்த சாவியைத் தேடுகிற முகத்தோடு சட்டைப் பையைத் தடவினார்கள். முடிவு இரண்டே பேருக்குத் தெரியும். எழுதிய மூணுவுக்குத் தெரியும். எழுத்தெழுத்தாகக் கோத்த கம்பாசிட்டருக்கும் தெரியும். ஆனால் அச்செழுத்தைத் திருப்பிப் போட்டே படித்துப் பழகியவர் என்பதால், பந்து வலையிலிருந்து கிளம்பி உதைத்தவன் காலுக்குப் போய்ச் சேர்ந்ததாகத்தான் அவர் ஞாபகம் வைத்திருந்தார்.

முதல் வாரம் கூட்டம் கூடியது. கயிறு போட்டு இழுத்தார்கள், கயிறு அறுந்தது. கணிதத் துறை உயரத்தை அளந்தது, இயற்பியல் துறை அளந்தது சரிதானா என்று அளந்தது. முதல்வர், பந்தின் மீது யாரும் துண்டு காயப்போடக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். கோப்பை இன்னாருக்கு என்று சொல்ல முடியாததால் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். எதிரணிக் கல்லூரி வருடத்துக்கு ஒரு கடிதம் போட்டு உரிமையைப் புதுப்பித்துக்கொண்டது. உதைத்தவன் பிற்பாடு பல் வைத்தியனானான். தினமும் மாலை ஐந்து முப்பத்தெட்டுக்கு அவன் வலது கால் தானாக ஓரடி மேலே எழும்புவதாகவும், நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடப்பவர்கள் அதற்குப் பழகிவிட்டதாகவும் சொன்னார்கள்.

அரங்கத்திலும் அதே புதன்கிழமையிலிருந்து கைத்தட்டல் ஓயவில்லை. காலி நாற்காலிகள் தட்டின. முதலில் கதவைச் சாத்திவைத்தார்கள். பிறகு அதன் பயனை உணர்ந்த வேதியியல் பேராசிரியர் தன் வகுப்புகளை எல்லாம் அங்கே மாற்றிக்கொண்டார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தார்கள். முதல் பக்கத்தில் ஒண்ணு, ஆற்றுப்பாலம் கட்டும் திட்டம் பரிசீலனையில் இருக்கிறது என்று எழுதியிருந்தான். அதுவும் அப்படியே பரிசீலனையில் நின்றது. இதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுவருடம் அவன் அதே பழக்கத்தில், பத்திரிகையின் எதிர்காலம் பரிசீலனையில் இருக்கிறது என்று எழுதிவைத்தான். அதோடு பத்திரிகை வருவதும் இல்லை, நின்றுவிட்டது என்று சொல்லவும் முடியவில்லை.

ஆக, கஷ்டம் ஒருவனுக்குத்தான். நின்ற பந்து என்றைக்காவது கிளம்பத்தான் வேண்டும், கிளம்பினால் ஆட்டம் நடந்த நேரத்தில்தான் கிளம்ப வேண்டும் என்று லாஜிக் சார் கரும்பலகையில் நிரூபித்துக் காட்டினார். அன்றிலிருந்து தம்பி தினமும் மாலை ஐந்திலிருந்து ஆறுவரை கோலில் நின்றான். மற்ற இருபத்தொரு பேரும் தேர்வு, வேலை, கல்யாணம் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அவனுக்கு மட்டும் கழன்றுகொள்ள மனம் வரவில்லை. படிப்பு முடிந்தது. ரயில்வேயில் வேலை கிடைத்தது, போகவில்லை. ஜன்னல் வழியே கோல் தெரிகிறது என்பதற்காகக் கல்லூரி நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தான். மழையில் நின்றான், காய்ச்சலோடு நின்றான், அப்பா இறந்த அன்றும் ஐந்து மணிக்கு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்து நின்றுவிட்டுப் போனான். "நான் பிடிச்சிருவேன்க்கா. வலது மூலைக்குத்தான வருது? தெரிஞ்ச பந்துதான்" என்பான். டெலிபோன் எக்சேஞ்சில் வேலைக்குப் போய்விட்டிருந்த மூணு, சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

அவளுக்குத் தெரியும், அவன் பிடிக்கவில்லை. பிடிக்காததற்குக் காரணமும் தெரியும். எண்பத்தெட்டாம் நிமிடத்தில், எதிரணிக்காரன் காலை ஓங்கிய அந்த நொடியில், குறித்துக்கொள்ளும் அவசரத்தில் அவள் வலைக்குப் பின்னாலிருந்து, "மணி என்னடா?" என்று கேட்டாள். அவன் கையுறையை ஒதுக்கிக் கடிகாரத்தைப் பார்த்தான். பந்து வலைக்குள் விழுந்தது. அதை எழுதும்போது அவள், 'கோல்கீப்பரின் கவனக்குறைவால்' என்று ஒரு வரி எழுதினாள். யார் கேட்டது, யார் பார்த்தது என்பதெல்லாம் விளையாட்டுப் பக்கத்துக்கு வேண்டாத சங்கதி என்று அன்றைக்குத் தோன்றியது. அந்த ஒன்பது வரியை அச்சேற்றச் சொல்லிக் கேட்டால் தம்பிக்கு விடுதலை. ஆனால் ஊரே அவனைக் கவனக்குறைவுக்காரன் என்று படிக்கும். கேட்காமலிருந்தால் பந்து நிற்கும். திருத்தம் கிடையாது என்ற விதியின் பின்னால் அவள் பதினோரு வருடம் ஒளிந்துகொண்டாள். கம்பாசிட்டர் மட்டும் தெருவில் பார்க்கும்போதெல்லாம், "ஏம்மா, உன் ஒம்பது வரி என் எழுத்தையெல்லாம் அடைச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கு. பிரிச்சுப் போடச் சொல்லு, இல்ல அச்சடிக்கச் சொல்லு" என்பார். அடுத்த மாசம் பார்க்கலாம் அண்ணே என்பாள்.

பதினோராம் வருடம் இரண்டு காரியங்கள் ஒன்றாக வந்தன. கல்லூரி அலுவலக டைப்பிஸ்ட், தம்பியோடு நான்கு வருடமாக மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தவள், துறைமுக ஊரில் வேலை கிடைத்துக் கிளம்புவதாகச் சொன்னாள். "மாசக் கடைசியில பஸ் ஏறப் போறேன். வர்றதுன்னா வா. இல்லேன்னா அந்தப் பந்தோடயே குடும்பம் நடத்திக்கோ, அது எதிர்த்துப் பேசாது" என்றாள். அதே வாரம் கல்லூரியின் ஐம்பதாம் ஆண்டுக்காகப் பழைய பத்திரிகை ஒன்றை முழுசாக மறுபடி அச்சிடுவது என்று முடிவாயிற்று. எந்த இதழ் என்பதில் சண்டை வரவில்லை. பந்து நின்ற இதழைத் தவிர வேறு எதுவும் யாருக்கும் ஞாபகமில்லை.

மூணு அன்றைக்கே லாஜிக் சாரிடம் போனாள். ஒன்பது வரியைச் சேர்க்கலாமா என்று கேட்டாள்.

"செய்தின்னா சேர்க்கக் கூடாது. ஆனா பதினோரு வருஷம் ஆன செய்தி செய்தி இல்ல, சரித்திரம். சரித்திரத்துக்கு நான் விதி போடல" என்றார். "ஆனா பக்கம் நாலுதான். ஒம்பது வரி உள்ள வரணும்னா ஒம்பது வரி வெளிய போகணும். அத எழுதினவன்கிட்ட கேட்டுக்கோ."

எழுதினவன் ரெண்டு. அவன் இப்போது வரி அலுவலகத்தில் இருந்தான், தொப்பை விழுந்திருந்தது. சனிக்கிழமைதோறும் அரங்கத்துக்கு வந்து மூன்றாம் வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்து, ஒரு மணி நேரம் கைத்தட்டலைக் கேட்டுவிட்டுப் போவது அவன் வழக்கம். மூணு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காது கேட்கும்படி கத்தினாள். அவன் விஷயம் புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

"என் ஒம்பது வரிய எடுத்தா இந்தக் கைத்தட்டல் எங்க போகும்? நடுத்தெருவுலயா நிக்கும்?"

"நீ அந்த நாடகத்துல நடிக்கவே இல்லயே, ரெண்டு! உனக்கு என்ன வந்துச்சு?"

"நடிச்சவன் ஒரே நாள் வாங்கிக்கிட்டுப் போயிட்டான். பதினோரு வருஷமா வாங்கிக்கிட்டு இருக்கறது யாரு? ஆபீஸ்ல காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் திட்டு வாங்கறேன். சனிக்கிழமை ஒருநாள் இங்க வந்து ஒக்காந்தா மனுஷனா எழுந்து போறேன். அதுக்கும் கத்தரிக்கோல தூக்கிக்கிட்டு வந்துட்டியா?"

மூணு, சொல்லாததைச் சொல்லிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று, மணி கேட்ட கதையை அந்தக் கைத்தட்டலின் நடுவே முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள். சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அரங்கமே அதற்குக் கைதட்டுவதுபோல் இருந்ததால் பாதியில் அழுதுவிட்டாள். ரெண்டு மறுபடி உட்கார்ந்தான்.

"பதினோரு வருஷமா இத வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டா திரிஞ்ச?" என்றான். பிறகு, "எட்டு வரிய எடுத்துக்கோ. அதுல அந்த நீதிபதியோட அங்கியப் பத்தித்தான் எழுதியிருக்கேன், போனா போகட்டும். கடைசி வரி மட்டும் எங்கயாவது இருக்கணும். எங்கன்னு நான் கேக்கமாட்டேன்" என்றான்.

அச்சகத்தில் கம்பாசிட்டர் அலமாரியிலிருந்து நூல் சுற்றிய எழுத்துகளை இறக்கி, தூசி ஊதினார். மூணு ஒரு வரியை எடுக்கச் சொன்னாள், 'கோல்கீப்பரின் கவனக்குறைவால்' என்ற வரி. அந்த இடத்தில், 'வலைக்குப் பின்னால் நின்ற நிருபர் மணி கேட்க, கோல்கீப்பர் கடிகாரத்தைப் பார்த்துச் சரியான மணியைச் சொன்னார்' என்று கோக்கச் சொன்னாள். கைத்தட்டல் வரிக்கு இன்னும் ஓரிடம் வேண்டியிருந்தது. தன் எல்லாக் கட்டுரைகளையும் அவள் முடிக்கும் வரியைக் காட்டி, அதை எடுத்துவிட்டு அங்கே போடச் சொன்னாள்: 'நம் அணி அடுத்த முறை வெல்லும் என்று நம்புவோமாக.'

"இது போனா யாருக்கும் ஒண்ணும் ஆகாதும்மா" என்றார் கம்பாசிட்டர். "நாலு வருஷம் இதக் கோத்தேன். ஒரு தடவகூட ஜெயிக்கல."

பத்திரிகை வரவேண்டிய புதன்கிழமைக்கு முந்தின மாலை, மூணு பழைய இடத்தில், வலைக்குப் பின்னால் போய் நின்றாள். தம்பி முதுகைக் காட்டிக்கொண்டு பந்தைப் பார்த்து நின்றான். அவன் பின்னந்தலையில் முடி குறைந்திருப்பதை அவள் அன்றுதான் கவனித்தாள். முகத்தைப் பார்க்க வேண்டாத தைரியத்தில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்: கோல் விழுந்தது, ஒன்றுக்குப் பூஜ்யம், தான் மணி கேட்டது, பழியை அவன் மேல் போட்டது. அவன் திரும்பவில்லை. பந்தை விட்டுக் கண்ணை எடுத்து அவனுக்குப் பழக்கமில்லை.

"நான் என்ன மணி சொன்னேன்?" என்று கேட்டான்.

"அஞ்சு முப்பத்தெட்டு."

"சரியாத்தான் சொல்லியிருக்கேன்" என்றான். பிறகு, "என்னால பிடிக்கவே முடியாத பந்துன்னு நெனச்சு எத்தன நாள் பயந்திருக்கேன் தெரியுமா? நான் பாக்கவே இல்லயா அத? அப்போ அது ஒண்ணும் பெரிய பந்து இல்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். தோள் குலுங்கச் சிரித்தான். மூணுவுக்குத்தான் சிரிப்பு வர நேரமாயிற்று. "இத முன்னாடியே சொல்லியிருந்தா ரயில்வேல இந்நேரம் கார்டு ஆயிருப்பேன்க்கா. சரி, நாளைக்கு வந்து மறுபடி மணி கேளு."

மறுநாள் ஐந்து மணிக்கெல்லாம் மைதானத்தைச் சுற்றி ஆள் நிற்க இடமில்லை. எல்லோர் கையிலும் புதிய பழைய பத்திரிகை இருந்தது. ஆனாலும் யாரும் கடைசி ஒன்பது வரியைப் படிக்கவில்லை. நேரில் பார்க்கப் போவதைப் படித்துக் கெடுத்துக்கொள்வானேன் என்றார்கள். லாஜிக் சார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டைப்பிஸ்ட் பெட்டியோடு வந்திருந்தாள், இரண்டு டிக்கெட் கைப்பையில் இருந்தது. தூறல் விழுந்தது, மைதானத்தின் வடக்குப் பாதியில் மட்டும் விழுந்தது. ஐந்து முப்பத்தெட்டுக்குப் பந்தின் அடியிலிருந்து சேறு ஒரு சொட்டுச் சொட்டியது.

மூணு வலைக்குப் பின்னால் நின்றாள். கேட்டால் மறுபடி அவளே அவனைத் தோற்கடித்தவளாவாள். கேட்காவிட்டால் அவன் நாளைக்கும் இங்கேதான் நிற்பான். தம்பி கையுறையை ஏற்கெனவே ஒதுக்கிக்கொண்டு, "அக்கா, சீக்கிரம்" என்று பல்லைக் கடித்தபடி சொன்னான்.

"மணி என்னடா?" என்றாள்.

அவன் தலையைக் குனிந்து, நிதானமாக, முள்ளைச் சரியாகப் பார்த்து, மைதானம் முழுக்கக் கேட்கும்படி, "அஞ்சு முப்பத்தெட்டு!" என்றான். பந்து அவன் தோளுக்கு மேலாகப் போய் வலது மூலையில் விழுந்தது. அரங்கத்தில் கைத்தட்டல் நின்றது. மைதானத்தில், வடக்குக் கோலைச் சுற்றி, யாரும் கையை அசைக்காமலே தொடங்கியது. ரெண்டு மட்டும் தன் கைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டான். பிறகு தட்டாமலிருப்பது மரியாதையில்லை என்று அவனும் தட்டினான். மிச்சமிருந்த இரண்டு நிமிடமும் தம்பி ஒழுங்காக நின்று முடித்துவிட்டு, வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து, சட்டையில் துடைத்து, அக்காவிடம் கொடுத்தான். ஏழு மணி பஸ்ஸில் டைப்பிஸ்டோடு ஏறினான். ஜன்னலோரம் உட்கார்ந்த உடனே தூங்கிவிட்டானென்றும், துறைமுக ஊர் வரும்வரை தான் எழுப்பவில்லையென்றும் அவள் மூணுவுக்கு எழுதினாள்.

கோப்பையை மறுவாரம் எதிரணிக் கல்லூரிக்கு அனுப்பிவைத்தார்கள். ரசீது வந்தது. பல் வைத்தியனிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது, புதன்கிழமை மாலை தன் கால் தரையில் இறங்கிவிட்டதென்று. வேதியியல் பேராசிரியர் மைதானத்தில் வகுப்பு எடுக்க அனுமதி கேட்டார், கொடுக்கவில்லை. ரெண்டு சனிக்கிழமைகளில் மடக்கு நாற்காலியோடு வடக்குக் கோல் பக்கம் வரத் தொடங்கினான். ஆற்றுப்பாலம் பரிசீலனையில் இருக்கிறது. தம்பி மாதம் ஒரு கடிதம் போடுகிறான். அக்கா கேட்காமலிருந்தாலும் எழுதும்போது என்ன மணி என்று வலது மூலையில் தேதிக்குக் கீழே குறித்துவிடுகிறான்.

கைத்தட்டல் ஓயவில்லை. அது கோல் போட்டவனுக்கா, விட்டவனுக்கா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. எந்த அணி வந்தாலும் டாஸ் வென்றதும் வடக்குக் கோலைத்தான் கேட்கிறது. மைதானக் காவலர் காலை எட்டு மணிக்கு அங்கே சுண்ணாம்புக் கோடு போடுகிறார். போட்டு முடித்ததும் வாளியைக் கீழே வைத்து, ஒரு தடவை திரும்பி, கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, தெற்குப் பக்கம் போகிறார்.